மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

மன்னர்கள் நடத்திய போர்களும் மந்திரிகள் செய்த உடன்படிக்கைகளுமே வரலாறு என்று கற்பித்த காலம் மலையேறிவிட்டது. உழைக்கும் மக்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எவ்வளவு கூலி பெற்றார்கள் என்ற கேள்விகள் இன்று வரலாற்று மாணவனுக்குப் புதியவையல்ல. ஆயினும், வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னர் அம்மக்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கும் உறங்கச் செல்வதற்கும் இடையிலுள்ள அந்தச் சில மணி நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது போராடிப் பெறப்பட்டது. பெற்ற பின்னர் பலராலும் உரிமை கோரப்பட்டது. இன்றும் எல்லார்க்கும் ஒரே அளவிற் கிட்டாதது.

அந்த வரலாற்றின் ஒரு சிறு கிளையை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெற்றோர்களும் அயலவர்களும் ஊதியம் எதுவுமின்றி நடத்திவரும் சிறுவர் பேஸ்போல், சொஃப்ட்போல் லீக்குகளே எமது பொருள். அவற்றுள் தலையாயது 1939ஆம் ஆண்டில் தோன்றிய லிற்றில் லீக். இன்று 80க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ள இவ்வமைப்பை வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கருதி ஒதுக்கிவிடுவோர், சமூகத்தைப் படிப்பதற்குக் கிடைத்த நல்லதொரு பாடப் புத்தகத்தை ஒதுக்கியவர்களாவர்.

எமது நாட்டு எல்லே ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு பேஸ்போலின் அடிப்படையை விளங்கிக்கொள்வதிற் சிரமமிராது. வீசப்படும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, வரிசையாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். சொஃப்ட்போல் அதன் தங்கை எனலாம். பந்து பெரிது, மைதானம் சிறிது, பந்தைக் கையைத் தாழ்த்திக் கீழிருந்து வீச வேண்டும். இவ்வளவு தெரிந்தாற் போதும். ஆட்டத்தின் நுட்பங்களைவிட, அந்த ஆட்டத்தை நடத்தும் கைகளே எமது கவனத்துக்குரியவை.

முதலில், இன்று ஒரு லீக் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காண்போம்.

லிற்றில் லீக் முறையின் உயிர்நிலை ஊர்தோறும் உள்ள ஸ்தல லீக்கேயாகும். ஒவ்வொரு லீக்கும் தனது எல்லையை ஒரு படத்தில் வரைந்துகொள்கின்றது. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளும், அதனுள் அமைந்த பாடசாலைகளிற் கற்கும் பிள்ளைகளுமே அதிற் சேர உரித்துடையவர்கள். தலைமை ஸ்தாபனத்திடமிருந்து ஆண்டுதோறும் சாசனம் பெறப்படுகின்றது. லீக்கின் அங்கத்தவர்கள் பொதுக்கூட்டத்திற் கூடி ஒரு பணிப்பாளர் சபையைத் தெரிவு செய்கின்றனர். தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோருடன், பிள்ளைகளைக் குழுக்களுக்குப் பிரித்தளிப்பதைக் கண்காணிக்கும் ஒருவரும், பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரும் அச்சபையில் இருப்பர். இவர்களில் எவருக்கும் சம்பளம் இல்லை. பல லீக்குகள் சேர்ந்த மாவட்டத்துக்குப் பொறுப்பான நிருவாகியும் அந்த லீக்குகள் தெரிவு செய்த ஒரு தொண்டரே.

குளிர்காலம் கழியுமுன்னரே பெயர்ப்பதிவு தொடங்கிவிடும். பின்னர், பிள்ளைகள் எறிவதையும் பிடிப்பதையும் அடிப்பதையும் ஒரு நாள் பார்வையிட்டு, குழுக்கள் ஏறக்குறைய சமபலம் உடையனவாக அமையும்படி, பயிற்றுநர்கள் முறைவைத்துப் பிள்ளைகளைத் தெரிவர். வசந்தம் பிறந்ததும் ஆட்டங்கள் ஆரம்பமாகும். வாரநாள் மாலையில் பயிற்சி, சனிக்கிழமைகளில் ஆட்டம். காலையில் ஒரு தகப்பன் மைதானத்தின் மண்ணைச் சமப்படுத்துவான். இன்னொருவன் வெள்ளைக் கோடு கீறுவான். ஒரு தாய் சிற்றுண்டிக் கடையைத் திறப்பாள். அக்கடையின் வருமானத்திலேதான் அடுத்த பருவத்துக்கான பந்துகளும் தலைக்கவசங்களும் வாங்கப்படும். ஊரிலுள்ள பலசரக்குக் கடையின் பெயரோ பல் வைத்தியரின் பெயரோ சீருடையின் முதுகிற் பொறிக்கப்பட்டிருக்கும். மத்தியஸ்தராக நிற்பவர் பெரும்பாலும் அடுத்த ஆட்டத்தில் ஆடவிருக்கும் ஒரு பிள்ளையின் மாமனாகவோ அயலவராகவோ இருப்பார்.

இந்த ஏற்பாட்டின் பண்பை அறிய விரும்புவோர் அதன் விதிகளில் மூன்றைக் கவனித்தாற் போதும். பதிவுக் கட்டணம் உண்டெனினும், அதைச் செலுத்துதல் ஆடுவதற்கான நிபந்தனையாகாது. பணமில்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டாவது, குழுவிற் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும். எதிரணியினர் ஆறு பேர் ஆட்டமிழக்கும் வரையாவது மைதானத்தில் நிற்க வேண்டும். திறமை குறைந்த பிள்ளையை வாங்கிலேயே உட்காரவைத்து வெற்றி தேடும் பயிற்றுநருக்கு இவ்விதி ஒரு கடிவாளம். மூன்றாவது, 2007ஆம் ஆண்டு முதல், ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்துகள் வீசலாம் என்பதற்கு வயதுக்கேற்ற வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. பதினொரு, பன்னிரண்டு வயதினர்க்கு அது 85. வெற்றியின் பேராசையிலிருந்து பிள்ளையின் தோள்மூட்டைக் காப்பதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை மனங்கொள்ளுதல் நன்று.

ஆக, சம்பளமற்ற உழைப்பின் மீது எழுந்த ஒரு சிறு குடியாட்சியையே நாம் இங்கு காண்கின்றோம். இதன் மூலதனம் பணமன்று. பெற்றோரின் மாலைப்பொழுதே மூலதனம். அந்த மாலைப்பொழுது அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது?

இக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோமானால், 1886ஆம் ஆண்டின் சிக்காகோவை வந்தடைவோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்ற கோரிக்கையை முன்வைத்து அவ்வாண்டு மே முதலாந் திகதி ஆயிரமாயிரம் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தனர். நாளின் மூன்றிலொரு பங்கு உழைப்புக்கு, ஒரு பங்கு உறக்கத்துக்கு, எஞ்சிய பங்கு தமக்கு என்பதே அவர்களுடைய எளிய கணிதம். அதன்பின் ஹேமார்க்கெற் சதுக்கத்தில் வெடித்த குண்டும், நடந்த விசாரணையும், தீர்ப்பும் உலகறிந்தவை. 1887ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி அவ்வியக்கத்தைச் சேர்ந்த நால்வர் தூக்கிலிடப்பட்டனர்.

அதே நகரில், அதே மாதத்தில், சரியாகப் பதின்மூன்று நாட்களின் பின்னர், ஃபரகட் படகுக் கழகத்தின் மண்டபத்திற் சில கனவான்கள் கூடியிருந்தனர். யேல், ஹாவார்ட் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெற்ற உதைபந்தாட்டத்தின் முடிவை அறியக் காத்திருந்தவர்கள் அவர்கள். முடிவு தெரிந்த உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதைத் தடியொன்றால் அடித்தார். ஜோர்ஜ் ஹன்கொக் என்பவர் அக்கையுறையையே பந்தாகக் கட்டி, மண்டபத்தினுள்ளேயே ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். அதுவே சொஃப்ட்போலின் பிறப்பு. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது பிழையாகும். எனினும், ஓய்வு ஒரு வகுப்பாருக்குப் புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மிதமிஞ்சியிருந்தபோது, அதைக் கேட்ட இன்னொரு வகுப்பார் எத்தகைய விலை கொடுத்தனர் என்பதை அந்தப் பதின்மூன்று நாட்கள் எமக்கு உணர்த்தாமற் போகா.

அந்தக் கணிதம் சட்டமாவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. 1930களின் பொருளாதார மந்தம் கோடிக்கணக்கானோருக்கு வேலையைப் பறித்து வெறும் நேரத்தைக் கொடுத்தது. செலவு குறைந்த ஆட்டமாகிய சொஃப்ட்போல் அக்காலத்திலேதான் நகரங்களிலும் தொழிற்சாலை வட்டாரங்களிலும் வேகமாகப் பரவிற்று. 1935ஆம் ஆண்டில் றூஸ்வெல்ற் அரசாங்கம் தொடக்கிய பொதுவேலைத் திட்டத்தின் கீழ் வேலையற்றோர் வீதிகளையும் பாலங்களையும் அமைத்ததோடு, ஊர்தோறும் விளையாட்டு மைதானங்களையும் அமைத்தனர். 1938ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி நியாயத் தொழில் நியமச் சட்டம் கையொப்பமாயிற்று. வாரத்துக்கு 44 மணி நேரம் என்று தொடங்கி, 1940ஆம் ஆண்டில் 40 மணி நேரமாகும்படி அச்சட்டம் வேலைநேரத்துக்கு வரம்பு கட்டியது. அதனை மீறி வேலை வாங்குவோர் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அதே சட்டம் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலையிலிருந்து விலக்கியது. தகப்பனுக்கு மாலையையும் பிள்ளைக்குப் பிள்ளைப்பருவத்தையும் ஒரே ஏடு வழங்கிற்று எனின் மிகையாகாது.

இதே 1938ஆம் ஆண்டுக் கோடையிலேதான், பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போட் நகரில் கார்ள் ஸ்ரொட்ஸ் என்னும் இருபத்தெட்டு வயது ஊழியர் தமது மருமக்கள் இருவரையும் அயற் சிறுவர்களையும் ஒன்றுதிரட்டி, ஆட்டக்களத்தின் அளவுகளை மாற்றி மாற்றிப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவாணிபத்தாற் செழித்துப் பின்னர் மங்கிய நகரம் அது. வளர்ந்தோர் ஆட்டத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையிலுள்ள தூரம் 90 அடி. சிறுவனுடைய கால்களுக்கு அது பொருந்தாது. ஸ்ரொட்ஸ் அதை 60 அடியாகக் குறுக்கினார். பிள்ளையை ஆட்டத்துக்கு ஏற்ப இழுக்காமல் ஆட்டத்தைப் பிள்ளைக்கு ஏற்ப வெட்டித் தைத்த இச்செயலை ஆசிரியத் தொழில் புரியும் எமது வாசகர்கள் நன்கு மதிப்பர் என்று நம்புகின்றோம்.

சீருடை வாங்கப் பணம் தேடி அவர் ஏறி இறங்கிய கடைகளும் கம்பனிகளும் ஐம்பதுக்கு மேல். இறுதியில் லைக்கோமிங் பாற்பண்ணை இணங்கியது. மரக்கம்பனியொன்றும் தின்பண்டக் கம்பனியொன்றும் பின்தொடர்ந்தன. ஒரு குழுவின் சீருடைகளுக்கு 30 டொலர் போதுமாயிருந்தது. 1939ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி முதலாவது ஆட்டம் நடைபெற்றது. லண்டி மரக்கம்பனிக் குழு 23 ஓட்டங்களும் லைக்கோமிங் பாற்பண்ணைக் குழு 8 ஓட்டங்களும் பெற்றன. ஸ்ரொட்ஸும் பெபிள் சகோதரர் இருவரும் மூன்று குழுக்களையும் நடத்தினர். இம்மூவரும், அவர்களுடைய மனைவியரும், வேறொரு தம்பதியரும் சேர்ந்ததே முதலாவது பணிப்பாளர் சபை. அச்சபையிற் பாதிப் பேர் பெண்கள் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் அது எமக்குத் தேவைப்படும்.

யுத்தம் முடிந்த 1946ஆம் ஆண்டில் லீக்குகள் 12. அனைத்தும் பென்சில்வேனியாவிலேயே இருந்தன. 1949ஆம் ஆண்டில் அவை 307 ஆகிவிட்டன. போரிலிருந்து மீண்ட தகப்பன்மாரும், நாற்பது மணி நேர வாரமும், புதிய குடியிருப்புக்களும் இப்பெருக்கத்துக்கு நிலமாயின. ஆனால், பயிர் விளைந்ததும் அறுவடைக்கு வேறொருவர் வருவது வரலாற்றில் அபூர்வமன்று. 1948ஆம் ஆண்டில் யுனைற்றட் ஸ்ரேற்ஸ் றப்பர் கம்பனி லிற்றில் லீக்கின் தேசியப் புரவலராக முன்வந்தது. சிறுவர் சப்பாத்துக்களுக்கு இதனிலும் சிறந்த சந்தை வேறெங்குண்டு? 1952ஆம் ஆண்டில் அக்கம்பனியைச் சேர்ந்த பீற்றர் மக்கவர்ன் ஸ்தாபனத்தின் முழுநேரத் தலைவரானார். வர்த்தகத்தின் கை ஓங்குவதையும் ஸ்தலத் தொண்டர்களின் குரல் தேய்வதையும் ஸ்ரொட்ஸ் எதிர்த்தார். பிணக்கு 1955ஆம் ஆண்டில் நீதிமன்றம் வரை சென்றது. 1956ஆம் ஆண்டுடன் அவருக்கும் அவர் தோற்றுவித்த ஸ்தாபனத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அவர் தமது ஊர் மைதானத்துக்கே திரும்பி, அங்குள்ள பிள்ளைகளுக்காகத் தனி லீக்கொன்றைத் தொடர்ந்து நடத்தி, 1992ஆம் ஆண்டிற் காலமானார்.

நியாயத்தின் பொருட்டு ஒன்று கூற வேண்டும். கம்பனியின் பணமும் நிருவாகத் திறனும் இல்லாதிருந்தால் அவ்வியக்கம் அத்துணை வேகமாகப் பரவியிராது. ஆனால் அப்பரவலின் பின்னரும் ஒவ்வொரு மைதானத்திலும் கோடு கீறியவர்களும் கடை நடத்தியவர்களும் கூலி பெறாத பெற்றோரே. அவர்களுடைய உழைப்பு ஊரிலும், அதன்மேல் எழுந்த அதிகாரம் தலைமையகத்திலுமாகப் பிரிந்தன. பிற்காலத்தில் ஆண்டிறுதிச் சுற்றுப்போட்டி தொலைக்காட்சிக் கம்பனிகளின் ஒப்பந்தப் பொருளாகியபோது அப்பிரிவு மேலும் துலாம்பரமாயிற்று.

இனி, எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொல்லப்பட்ட ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தனரா என்பதைப் பார்ப்போம்.

1955ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்ரன் நகரில், கனன் வீதியிலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கம் கறுப்பினச் சிறுவர்களுக்காக ஒரு லீக்கை நடத்தியது. அவர்களுடைய தெரிவுக் குழு மாநிலச் சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுத்தது. உடனே அம்மாநிலத்தின் வெள்ளையர் லீக்குகள் 61உம் விலகிக்கொண்டன. இன அடிப்படையில் தனிப்போட்டி நடத்தத் தலைமையகம் இணங்கவில்லை என்பது அதற்குப் பெருமை. அதனால் கனன் வீதிச் சிறுவர்கள் எதிரிகளின்றியே மாநில வெற்றியாளராயினர். ஆனால், ஆடாமல் வென்றவர்கள் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியாதென்று விதிப்புத்தகத்தைக் காட்டி அதே தலைமையகம் அவர்களைத் தடுத்தது. ஆட மறுத்தோர் வெள்ளையர். ஆடவில்லை என்ற குற்றம் கறுப்பினச் சிறுவர்மீது! அவர்கள் விருந்தினராக வில்லியம்ஸ்போட்டுக்கு அழைக்கப்பட்டனர். மைதானத்தில் இறங்கிச் சிறிது நேரம் பந்து பிடித்தபின், பார்வையாளர் வரிசையில் அமரும்படி பணிக்கப்பட்டனர். அவர்களை ஆட விடும்படி கூடியிருந்த சனங்கள் குரலெழுப்பினர். விதிப்புத்தகத்துக்குக் காது கேட்கவில்லை.

அதே ஓகஸ்ற் மாதத்தின் இறுதியிலேதான் மிசிசிப்பியில் எமற் ரில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். அத்தகைய தெற்கில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே மைதானத்திற் பந்து எறிவது அரசியல் நிகழ்ச்சியாகவே கொள்ளப்பட்டது. விலகிய வெள்ளையர் தமக்கெனத் தனி ஸ்தாபனமொன்றைத் தோற்றுவித்துக்கொண்டனர். அவர்களும் ஊதியமற்ற தொண்டர்களே என்பதை மறைக்க முடியாது. தொண்டு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. யாருக்காக, யாரை விலக்கி என்ற கேள்விகளே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. 1938ஆம் ஆண்டுச் சட்டம் வயல் வேலையாட்களையும் வீட்டு வேலையாட்களையும் வேலைநேர வரம்பின் பாதுகாப்புக்கு வெளியே விட்டிருந்தது. தெற்கின் கறுப்பின மக்களிற் பெருந்தொகையினர் அவ்விரு தொழில்களையே செய்து வந்தனர் என்பதையும் இங்கு சேர்த்தெண்ண வேண்டும். அவர்களுடைய மாலைகள் முதலிற் சட்டத்தால் மறுக்கப்பட்டன. பின்னர் மைதானத்தால் மறுக்கப்பட்டன. கனன் வீதிக் குழுவினருக்கு மாநில வெற்றிக் கொடி வழங்கப்பட்டது 2002ஆம் ஆண்டில். அப்போது அச்சிறுவர்கள் முதுமையை நெருங்கியிருந்தனர்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் வேறொரு காட்சி. மெக்சிக்கோவின் மொன்ரெரே நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லைப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து ரெக்சாஸ் மாநிலத்துள் நுழைந்தனர். உருவத்தில் எதிரணியினரிலும் சிறியவர்கள். ஓர் ஆட்டத்துடன் வீடு திரும்புவார்கள் என எதிர்பார்க்கப்பட்டவர்கள் ஊரூராக வென்று வில்லியம்ஸ்போட்டை அடைந்தனர். 1957ஆம் ஆண்டு ஓகஸ்ற் 23ஆந் திகதி இறுதியாட்டத்தில் ஏஞ்சல் மசியாஸ் என்ற சிறுவன் கலிபோர்ணியாக் குழுவினரில் ஒருவரையேனும் முதலாவது தளத்தை அடையவிடாமல் பந்து வீசினான். 4க்கு 0 என்ற கணக்கில் மொன்ரெரே வென்றது. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து கிண்ணத்தை வென்ற முதலாவது குழு அதுவே. கதவு திறந்திருந்தால் உழைப்பாளியின் பிள்ளை எதைச் சாதிப்பான் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைகள் என்றபோது ஆண் பிள்ளைகளையே கருதினர் என்பது மூன்றாவது அத்தியாயம். 1950ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்தின் கோர்னிங் நகரில் கதரின் ஜோன்ஸ்ரன் என்ற சிறுமி பின்னலை வெட்டிக்கொண்டு, தொப்பியணிந்து, ஆண் பெயரொன்றைச் சூடிக் குழுவிற் சேர்ந்தாள். உண்மை தெரிந்த பின்னரும் அவளுடைய பயிற்றுநர் அவளை விலக்கவில்லை. அவள் அப்பருவம் முழுவதும் ஆடினாள். அடுத்த ஆண்டில் தலைமையகம் பெண் பிள்ளைகளை எக்காரணங்கொண்டும் சேர்க்கலாகாதென விதியெழுதிற்று. முதலாவது பணிப்பாளர் சபையிற் பாதியாயிருந்த பெண்களை இப்போது நினைவுகூர்வோம். சீருடை தோய்ப்பதற்கும், சிற்றுண்டிக் கடையில் நிற்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும் தாய்மார் தேவைப்பட்டனர். அத்தாய்மாரின் மகள்மார் வேலிக்கு வெளியே நின்றனர்.

அவ்வேலி நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹொபோக்கன் நகரிற் பிளந்தது. 1972ஆம் ஆண்டில் மரியா பெப்பே என்ற சிறுமி அங்கு மூன்று ஆட்டங்களிற் பந்து வீசினாள். அவளை நீக்காவிட்டால் ஊர் லீக்கின் சாசனம் இரத்தாகும் எனத் தலைமையகம் எச்சரித்தது. பெண்கள் தேசிய ஸ்தாபனம் வழக்கைக் கையேற்றது. சிறுமியரின் எலும்புகள் சிறுவரின் எலும்புகளிலும் வலிமை குறைந்தவை என்ற வாதங்கள் விஞ்ஞானத்தின் பெயரால் முன்வைக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டு நவம்பரில், சிவில் உரிமைப் பிரிவின் விசாரணை அலுவலராகிய சில்வியா பிரெஸ்லர் அவ்வாதங்களைத் தள்ளிச் சிறுமியின் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சிறுமியரைச் சேர்ப்பதிலும் ஆட்டத்தையே நிறுத்துவது மேல் எனப் பல லீக்குகள் முதலிற் கதவடைத்தன; பின்னர் பணிந்தன. 1964ஆம் ஆண்டிற் பெற்ற சமஷ்டிச் சாசனத்திலிருந்த ஆண்பாற் சொற்கள் 1974ஆம் ஆண்டு திசெம்பரில் நீக்கப்பட்டன. வழக்கு வென்றபோது மரியாவின் வயது லீக்கின் எல்லையைக் கடந்துவிட்டது. தனக்குப் பயன்படாத உரிமையை மற்றவர்களுக்கு வென்று கொடுத்தவர்கள் வரிசையில் அச்சிறுமிக்கும் ஓரிடம் உண்டு.

அதே 1974ஆம் ஆண்டிலேதான் லிற்றில் லீக் சொஃப்ட்போல் பிரிவைத் தொடங்கியது. இலட்சக்கணக்கான சிறுமியருக்கு அது விசாலமான களத்தைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, பேஸ்போலை ஆண்களுக்கே விட்டுவைக்கும் பக்கவாயிலாகவும் அது பயன்பட்டது. 2014ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினச் சிறுமி மோனே டேவிஸ் உலகத் தொடரில் எதிரணிக்கு ஓர் ஓட்டமுங் கொடாமற் பந்து வீசி வென்றபோது, 1955இல் மூடிய கதவும் 1951இல் மூடிய கதவும் ஒரே கையால் ஒருங்கே திறக்கப்பட்டதைக் கண்டோம்.

இன்றைய நிலை யாது? சட்டத்திலும் விதியிலும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. இப்போது தடுப்பது வேறொன்று. வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளைச் சம்பளப் பயிற்றுநர்களைக் கொண்ட தனியார் குழுக்களிற் சேர்க்கின்றனர். அக்குழுக்கள் ஊர் எல்லை பாராமல் திறமையைத் திரட்டி, வார இறுதிகளில் தொலைதூர நகரங்களுக்குச் சென்று ஆடுகின்றன. கட்டணம், பயணம், விடுதி ஆகிய அனைத்தும் பணம். செல்லும் பிள்ளையோடு, கோடு கீறிய தகப்பனும் கடை நடத்திய தாயும் செல்கின்றனர். ஊர் லீக்கில் எஞ்சுவோர், இரவு வேலை செய்பவர்களும், இரண்டு வேலை பார்ப்பவர்களும், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருமே. கட்டணமின்றி அவர்களுடைய பிள்ளையைச் சேர்க்க விதியுண்டு. மாலை ஐந்து மணிக்கு அப்பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துவர அவர்களுக்கு விடுமுறை கொடுக்க எந்த லீக்காலும் முடியாது. அன்றாடம் மாறும் வேலைநேரப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் முதலாளியே அந்த மைதானத்தின் கண்ணுக்குத் தெரியாத காவலாளி.

தொண்டர் லீக்குகளிற் குறையில்லை என்று நாம் கூற வரவில்லை. பயிற்றுநரின் மகனே எப்போதும் பந்து வீசுகின்றான் என்ற முறைப்பாடு எல்லா ஊர்களிலும் கேட்கப்படுவது. நேரமுடையவர் சபையிலேறுகின்றார், நேரமற்றவர் அவர் சொற்கேட்கின்றார். 2014ஆம் ஆண்டில் அமெரிக்க வெற்றியாளர்களாகிய சிக்காகோ கறுப்பினச் சிறுவர்களின் பட்டம் 2015ஆம் ஆண்டிற் பறிக்கப்பட்டது. எல்லைப் படத்தைத் திரித்து வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் வளர்ந்தோர். தண்டனையைச் சுமந்தவர்கள் பிள்ளைகள். வெற்றி என்பது தொலைக்காட்சிச் சரக்காகும்போது ஊரவர் லீக்கும் அந்நோய்க்குத் தப்புவதில்லை.

இருந்தும், இவ்வமைப்பைக் கைவிடத்தக்கதென நாம் கருதவில்லை. பிள்ளையின் பொழுதை வாங்கவும் விற்கவும் வேண்டியதில்லை. அயலவர் கூடித் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதை அது எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டியிருக்கின்றது. சிறுவனுக்கேற்ப களத்தைக் குறுக்கியவர் ஓர் ஊழியர். விதிப்புத்தகத்தைத் திருத்தியவர்கள், வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் அவர்களோடு நின்ற பெற்றோருமே. அந்த லீக்கில் எதெல்லாம் போற்றத்தக்கதோ அதெல்லாம் கீழிருந்து வந்தது.

ஆனால் தொண்டுக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்குப் போராட்டம் வேண்டும். மாலை வெயிலில் ஒரு தகப்பன் குனிந்து கீறும் அந்த வெள்ளைக் கோடு, சிக்காகோவின் 1886ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றது. ஒரு தேசம் தன் பிள்ளைகளை எவ்வளவு நேசிக்கின்றது என்பதை அளக்க விரும்புவோர், அதன் கிண்ணங்களையும் கொடிகளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தத் தேசத்தின் தொழிற் சட்டங்களைக் கையிலெடுத்து, வேலைநேரம் பற்றிய பிரிவை முதலில் வாசிக்கட்டும்.